சவரியம்மா பாடாத ஆகமனப் பாட்டு

மலாய் நாட்டில், பகாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் சவரியம்மா வாயைத் திறந்தால் ரெண்டு லயத்து வீடுகளுக்கும் கேட்கும். சண்டைக்கும் அந்த வாய்தான், மாதா கோவில் பாட்டுக்கும் அந்த வாய்தான். பிறந்தது, சின்னப்பனைக் கட்டிக்கொண்டது, பாலெடுக்கப் பால்மரம் வெட்டுவது எல்லாம் அதே தோட்டத்தில்.

கிறிஸ்துமசுக்கு முந்தைய நாலு வாரம், அந்த ஆகமன காலம், அவளுக்கு உயிர்; கோவிலில் ஆகமனப் பாட்டை எடுத்துப் பாடுவது அவள்தான். லத்தீனில் அதை 'அத்வெந்துஸ்' என்பார்கள் என்று வெள்ளைக்காரச் சாமியார் பிரசங்கத்தில் சொல்லியிருந்தார். வருகை என்று அர்த்தமாம். ஆதியில் ரோமாபுரி ராஜா ஊருக்குள் நுழைவதற்குத்தான் அந்தச் சொல். சனங்கள் எதிர்கொண்டு போய்ப் பாடி அழைத்து வருவார்களாம். பிற்பாடு வேதக்காரர்கள் அதை எடுத்து, தொழுவத்தில் பிறந்த பிள்ளைக்குக் கொடுத்தார்கள். அப்புறம் அந்தப் பிள்ளைக்காக நோன்பிருந்து காத்திருக்கும் காலத்துக்கே அது பெயராகிவிட்டது.

ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்திருந்த நாற்பத்துமூணு டிசம்பரில் ஜப்பான் அதிகாரி ஒருவன் தோட்டத்துக்கு வருவதாகச் சேதி. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஜோசப்ராஜ், அவரும் வேதக்காரர்தான், லயத்துக்கே வந்துவிட்டார்.

"சவரியம்மா, தொரை காடியில வந்து எறங்கும்போது அந்த ஆகமனப் பாட்டைப் பாடிரு. மொதல்ல ராஜாவுக்குன்னு இருந்த வார்த்தைதானே? தப்பே இல்ல லா."

"பிள்ளைக்குக் கொடுத்ததைப் புடுங்கி இவனுக்குக் கொடுக்கச் சொல்றீங்களா ஐயா? நான் மாட்டேன்."

"பாடலைன்னா அடுத்த லோரியில சின்னப்பன் சயாமுக்குப் போவான். என் கையில ஒண்ணுமில்ல."

சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனவர்களில் எவன் முழுசாகத் திரும்பினான்? சவரியம்மா அழுதாள். அழுதுகொண்டே மரவள்ளிக் கிழங்கை அவித்து மூட்டை கட்டி, அன்றைக்கே புருஷனைக் காட்டுவழியாக மம்பாவில் இருந்த தன் அக்கா வீட்டுக்கு விரட்டினாள்.

அதிகாரி வந்தான். சனம் மொத்தமும் இடுப்பு ஒடியக் குனிந்தது. அவளும் குனிந்தாள், குனிந்தால் முதுகுதானே வலிக்கும்! ஜோசப்ராஜ் கண்ணைக் காட்டினார். அவள் வாயை இறுக்கிக்கொண்டாள். பாட்டுக்குக் காத்திருந்த அதிகாரி பளாரென்று விட்டான் ஓர் அறை, பாவி. உதடு கிழிந்தது.

"பாடித் தொலையேன்மா!" ஜோசப்ராஜ் கெஞ்சினார்.

"ராஜா வரட்டும், பாடுறேன்."

என்ன சொல்கிறாள் என்று அதிகாரி மலாயில் கேட்டான். ஜோசப்ராஜ் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, "சாக்கிட்," என்றார். அவளுக்குத் தொண்டை நோவாம்!

சவரியம்மா ரத்தத்தைத் துப்பினாள். நிமிர்ந்து, அவனுக்கே புரியும் மலாயில் அவளே சொன்னாள்:

"தாக் சாக்கிட். தாக் மாவ்."

நோவு இல்லை. இஷ்டமில்லை.