அறுபத்திரண்டு கிலோ மணல்

பட்டறைத் தெருவில் அவருக்குப் பெயர் தராசு. எந்தக் கார் வந்து நின்றாலும் நான்கு மூலையிலும் உள்ளங்கையை வைத்து ஓர் அமுக்கு அமுக்குவார். அது எழும்பி அடங்குவதைப் பார்த்துவிட்டு, "டிக்கியில ஒரு முப்பது கிலோ என்னமோ கிடக்கு போல?" என்பார். திறந்து பார்த்தால் மறந்துபோன சிமெண்ட் மூட்டை இருக்கும். முப்பது வருஷமாக ஷாக் அப்சார்பர் மாற்றுவது ஒன்றுதான் அவர் தொழில். இன்ஜின் இருக்கும் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்.

ஊரார் கார்களையெல்லாம் மெத்தையாக்கிய மனிதரின் சொந்தக் கார் மட்டும் கட்டை வண்டியாகக் கிடந்தது. இரண்டே இருக்கை, மடக்குகிற கூரை, தரையோடு தரையாக உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். கல்யாணமான புதிதில் உடைசல் விலைக்கு வாங்கியது. ஷாக்குகளில் எண்ணெய் கசிய ஆரம்பித்து நான்கு வருஷம் ஆயிற்று. கேட்டால், பார்க்கலாம் பார்க்கலாம் என்பார். மனைவிக்கு நோய் வந்த பிறகு அந்தப் பேச்சும் நின்றுபோனது.

நோய் எலும்புக்குள் இறங்கியிருந்தது. படுக்கையில் புரண்டாலே அலறல் வரும். இனி மாற்றிக் கொடுக்க மருந்து இல்லை என்று டாக்டர் கையை விரித்த அன்று, அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நம்ம வண்டியில ஒரு தடவ கடலைப் பாத்துட்டு வந்துடலாம்ங்க."

"வாடகைக்குப் பெரிய காரா எடுக்கறேனே. குலுங்காது."

"அதுல போனா நான் நோயாளி. நம்ம வண்டியில போனா நான் நான்தான்."

மறுநாளே உதிரிபாகக் கடைக்குப் போனார். கடைக்காரர் பழைய சிநேகிதர். இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று, கார் பிறந்தபோது இருந்தது மாதிரியான சாதா ஷாக். இன்னொன்று காயில்ஓவர்: ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே உருப்படியாக இருக்கும், வளையத்தைத் திருகி உயரத்தையும், குமிழைத் திருகி இறுக்கத்தையும் மாற்றலாம்.

"வீட்டம்மாவுக்காகத்தானே? சாதாவையே போடுங்க. இது வேகமா ஓட்டறவங்களுக்கு. என்னதான் திருகினாலும் ஸ்பிரிங் இறுக்கம்தான்."

"குமிழ் இருக்குல்ல, தளர்த்திக்கலாம்."

அவருக்குத் தெரியாததா? வளையம் உயரத்தை மாற்றும், குமிழ் ஆட்டத்தை அடக்கும். ஸ்பிரிங்கின் மனசை எதுவும் மாற்றாது. ஆனால் இருபது வருஷமாக அந்த நீல ஸ்பிரிங்கின் படத்தைப் புத்தகத்தில் புரட்டிப் புரட்டிப் பார்த்தவர். ஆசை வெட்கம் அறியாது. அன்றைக்கு அது நோயாளியின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்து நின்றது.

"எடைக்குத் தகுந்த ஸ்பிரிங்கா எடுக்கணும். உங்க ரெண்டு பேரு எடை என்ன?"

"எனக்கு எண்பத்திநாலு. அவளுக்கு அறுபத்திரண்டு."

யோசிக்கவே இல்லை. பட்டறைச் சுவரில் பெயிண்டால் எழுதியிருந்த எண்கள் அவை. என்றோ ஒரு நாள் காரைச் சமப்படுத்துவதற்காக அவளை மல்லுக்கட்டி எடை மெஷினில் ஏற்றினார். "ஊரே பாக்கற மாதிரி எழுதி வைக்கறீங்களே, உங்களுக்கு வெக்கமாயில்ல?" என்று அவள் சண்டை பிடித்தாள்.

மூன்று நாள் வேலை. ஆள் உட்கார்ந்தால் எப்படி இருக்குமோ அப்படியே சமப்படுத்த வேண்டும் என்பது அவர் பிடிவாதம். ஓட்டுநர் இருக்கையில் எண்பத்திநாலு கிலோ மணல் மூட்டை, பக்கத்து இருக்கையில் அறுபத்திரண்டு கிலோ. நான்கு சக்கரத்துக்கு மேலேயும் இடைவெளியை அளந்து அளந்து வளையத்தைத் திருகினார். கடைசியில் ஒரு நூல் பிசகவில்லை. தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளாத குறை.

வீட்டில் அவளைக் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் துணைக்கு வந்திருந்த அவளுடைய அக்கா. இவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கார்க் கதை பேசுவார். கழுத்துவரை போர்வை. பத்து நிமிஷத்தில் "தலைக்கு மேல வேலை கிடக்கு" என்று எழுந்துவிடுவார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமாம். அந்தப் போர்வையை ஒரு நாளும் அவர் விலக்கவில்லை. அவருக்குப் பயம்.

கிளம்புகிற அன்று காலையில், அக்கா அவளைத் தாங்கி அழைத்து வந்து பக்கத்து இருக்கையில் உட்கார வைத்தாள். அவர் ஏறி உட்கார்ந்தார். கார் அவர் பக்கம் இறங்கியது. அவள் பக்கம் அந்த அளவுக்கு இறங்கவில்லை.

இறங்கிப் போய்ப் பழக்கதோஷத்தில் அந்தப் பக்கச் சக்கரத்துக்கு மேலே கையை வைத்தார். இரண்டு விரல் கூடுதல் இடைவெளி. உள்ளங்கை ஒரு கணக்குச் சொன்னது.

"அக்கா, இவ இப்ப எவ்வளவு எடை?"

"போன வாரம் ஆஸ்பத்திரியில நாப்பத்தொண்ணு. அன்னிக்கே சொன்னேனே தம்பி. நீங்க ஸ்பேனரைத் தேடிக்கிட்டு இருந்தீங்க."

தெரு முனைகூடத் தாண்டவில்லை. சாலையில் ஒரு சின்ன ஒட்டு. கார் அதில் ஏறித் துள்ளியது. அவள் கதவைப் பற்றிக்கொண்டாள். உதடு வெளுத்துவிட்டது.

"ஒண்ணுமில்ல, போங்க."

அவர் ஓரமாக நிறுத்தினார். குமிழ் ஏற்கெனவே கடைசித் தளர்வில் இருந்தது. இனி திருக ஒன்றும் இல்லை.

"தப்புப் பண்ணிட்டேன். கடைக்காரர் சாதாவத்தான் போடச் சொன்னார். நான்தான் ஆசைப்பட்டுட்டேன்."

"தெரியும். அந்தப் புத்தகத்துல நீல ஸ்பிரிங் பக்கம் பூராவும் உங்க கிரீஸ் விரல்தான்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "என் எடைய என்னன்னு சொன்னீங்க?"

"அறுபத்திரண்டு."

"அப்ப நான் நல்லாத்தான் இருந்திருக்கேன், உங்க கணக்குல" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

காரைப் பட்டறைக்குத் திருப்பினார். ஒரு சாக்கில் மணலை அள்ளி நிறுத்தார். தூக்கிக்கொண்டு வந்தவரைப் பார்த்து, "அது எதுக்கு?" என்றாள்.

"ரெண்டு பக்கமும் சமமா உக்காரணும். உக்காந்தா குலுங்கறது கொஞ்சம் குறையும்."

"இருபத்தியொண்ணா?"

தலையை ஆட்டிவிட்டு அவள் காலடியில் மூட்டையை வைத்தார். கார் மெதுவாக இறங்கி அடங்கியது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பாதங்களையும் அதன்மேல் வைத்துக்கொண்டாள். சைக்கிள்காரர்களெல்லாம் முந்திக்கொண்டு போக, நாலு மணி நேரம் ஊர்ந்து கடலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வலி இல்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் கூரையை மடக்கச் சொன்னாள். வெயில் தாழும்வரை அலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பியதும் மூட்டையை வெளியே எடுக்கப் போனவரைத் தடுத்தாள்.

"கிடக்கட்டும். அடுத்த தடவைக்கு இன்னும் கொஞ்சம் மணல் போட வேண்டியிருக்கும்."

அடுத்த தடவை வரவில்லை. ஐந்து வாரத்தில் எல்லாம் முடிந்தது.

பிறகு ஒரு நாள் கடைக்காரர் பட்டறைக்கு வந்தார். அந்தக் கார் வாசலில் நின்றது. பக்கத்து இருக்கையில், முன்பு சமப்படுத்த வைத்த அதே பெரிய மணல் மூட்டை, அதற்கு பெல்ட்டும் மாட்டியிருந்தது. கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இனி தனியாத்தானே ஓட்டப் போறீங்க. அந்தப் பக்கத்துக்கு மெலிசா ஒரு ஸ்பிரிங் மாத்தித் தரட்டுமா?"

தராசு காரின் மேல் உள்ளங்கையை வைத்து ஓர் அமுக்கு அமுக்கினார். எழும்பி, அடங்கியது.

"வேண்டாம்ங்க. அறுபத்திரண்டு சரியாத்தான் இருக்கு."