வேலுவின் பெயரில் ஆர்தரின் மூச்சு

கரண்ட் போய்த் திரும்பினால் நளினி முதலில் மேசைக்கடியில்தான் குனிவாள். கம்ப்யூட்டருக்குப் பின்னால் கையை விட்டு ஒவ்வொரு ஒயரையும் அழுத்திப் பார்ப்பாள். கோட்டுப் பையில் கத்தரிக்கோல் இருக்கும். டேப்பைப் பல்லால்தான் கடிப்பாள்.

மூடிப்போன தங்கச் சுரங்கமான மைசூர் மைன்ஸ் பக்கம் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறாள். கணவர் விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்குப் போய்விடுவார். "அவருக்கு ரயிலு, எனுக்கு ஒயரு" என்பாள்.

வார்டில் பெரும்பாலும் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள். கல்தூசி தின்ற நுரையீரல்கள். விரலில் மாட்டிய கருவி ரத்தத்து ஆக்சிஜனை அளந்து நர்ஸ் மேசையின் திரைக்கு அனுப்பும். ஒயர் வந்து சேரும் வாசல்தான் சீரியல் போர்ட். அதற்குக் கம்ப்யூட்டரே பெயர் வைத்துக்கொள்ளும்.

"ஆளப் பாத்து வெக்காது. மொதல்ல எழுந்த ஒயரு சைபர், அடுத்தது ஒண்ணு. அவ்ளோதான் அதுக்குத் தெரியும்" என்பாள்.

அடுத்தடுத்த கட்டிலில் இருந்த இரண்டு நோயாளிகளுக்காக நளினி சைபருக்கு ஆர்தர் என்றும் ஒன்றுக்கு வேலு என்றும் திரையில் எழுதி வைத்திருந்தாள்.

போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் கரண்ட் போய் வந்தது. வேலுவின் ஒயர் முந்திக்கொண்டது. சைபர் அதற்குப் போயிற்று. திரையில் வேலுவின் பெயருக்கு நேரே எண் இறங்கிக்கொண்டே இருந்தது. நர்ஸ் மமதா ஓடிப்போய் அவருக்கு ஆக்சிஜனைக் கூட்டினாள். வேலு பன்னை டீயில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

"எனுக்கு இன்னாத்துக்குமா காத்து? நல்லாத்தான் கீறேன். அவனப் பாரு. காத்து கொறஞ்சா பேசக்கூடாது, ஆடக்கூடாது. சொரங்கத்து லெவலுக்குள்ள எங்க பழக்கம் அது."

அடுத்த கட்டிலில் ஆர்தர் கண்மூடி அசையாமல் கிடந்தார். அவர் பெயருக்கு நேரே நல்ல எண்தான் இருந்தது. தூங்குகிறார் என்று மமதா விட்டிருந்தாள்.

நளினி வேலுவின் விரலிலிருந்து கருவியைக் கழற்றினாள். திரையில் வெறுமையானது ஆர்தரின் வரி.

"மாறிப்போச்சு மமதா. ஆர்தர் மாமாவுக்குக் காத்தத் தொற."

வேலுவின் பெயருக்கு நேரே ஆர்தரின் எண் மெல்ல ஏறியது. வேலு பன்னைக் கீழே வைத்துவிட்டார்.

"தப்பு என்னுதுதான்" என்றாள் நளினி, யாரையும் பார்க்காமல்.

இரண்டும் ஒரே கடையில் வாங்கிய மலிவு ஒயர்கள். தன்னை இன்னது என்று சொல்லிக்கொள்ள உள்ளே தனி அடையாளம் எதுவும் கிடையாது. அதனால் எந்தத் துளையில் செருகியிருக்கிறதோ அதை வைத்தே பெயரிடும்படி அன்றைக்கே கம்ப்யூட்டருக்கு எழுதி வைத்தாள். ஒரு துளைக்கும் அதன் ஒயருக்கும் சிவப்பு நகப்பூச்சு, மற்றதற்கு நீலம். யாராவது மாற்றிச் செருகினால் என்று மமதா கேட்டதற்கு, "மனுஷங்க செய்றதுக்கு இன்னா பண்றது, பாத்துனுதான் இருக்கணும்" என்றாள்.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். திரும்பவும் அணைத்துப் போட்டாள். ஒயர்களைப் பிடுங்கி, அதனதன் துளையிலேயே முன்பின்னாகச் செருகிப் பார்த்தாள். பெயர்கள் இடம் மாறவில்லை.

"சரியிதே அக்கா" என்று மமதா திரையைக் காட்டிக் கன்னடத்தில் சொன்னாள்.

நளினி திரைப் பக்கம் திரும்பவில்லை. ஆர்தரின் கட்டிலருகே போய், அவர் நெஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்து, அது எழும்வரை நின்றாள்.