செல்லாத பத்தொன்பது

ஓட்டுப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் மூன்று தட்டுத் தட்டினார். "பாத்துக்குங்க, ஒரு தூசி இல்ல." இரு தரப்பு ஆட்களும் உள்ளே எட்டிப் பார்த்துத் தலையாட்டிய பிறகே பூட்டுப் போட்டு அரக்கு வைத்தார்.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் ஸ்டோர்கீப்பர் இவர். சோப்புத்தூள் நிறுக்கும்போது முள் அசைந்து நிற்கும்வரை மூச்சைக்கூட அடக்கிக்கொள்வதால் ‘தராசு’ என்று பெயர். வீட்டிலும் அப்படித்தானாம். "ரெண்டு பிள்ளைங்களுக்கும் ஆப்பிள ஸ்கேல் வெச்சுத்தான் வெட்டுவாரு. வெட்டி முடிக்கிறதுக்குள்ள அது கறுத்துப் போயிடும்" என்று அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார்.

தொழிலாளர் சங்கத் தேர்தலை நடத்த இவரை விட்டால் ஆளில்லை. அன்றைக்கு யாரிடமும் ஒரு டீ வாங்கிக் குடிக்கமாட்டார். இரண்டு வேட்பாளர்களையும் பார்த்து ஒரே அளவு சிரிப்பார்.

மூன்று முறை தலைவராக இருந்த வேன் டிரைவரை எதிர்த்து, துணி மடிக்கும் பிரிவிலிருந்து ஓர் அம்மா நின்றார். எட்டு மணி நேரமும் நின்றே மடிக்கும் பெண்களுக்கு உட்கார ஸ்டூல் வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

சீட்டில் இடப்பக்கம் ஒரு பெயர், வலப்பக்கம் ஒரு பெயர். பிடித்த பெயரின் மேல் ரப்பர் முத்திரை குத்த வேண்டும். டிரைவர்கள் பஸ் டிக்கெட்டைப் போலச் சுருட்டிப் போட்டார்கள். நாள் முழுக்கப் படுக்கை விரிப்பு மடிக்கிற பெண்களுக்குக் கை சும்மா இருக்குமா? ஓரத்தோடு ஓரம் சேர்த்து, நடுவில் நகத்தால் நீவி, அழகாக மடித்துப் போட்டார்கள். பெட்டியைத் திறந்தால், அப்படி மடித்த சில சீட்டுகளில் ஈர மை எதிர்ப்பக்கப் பெயரிலும் ஒட்டியிருந்தது. இரண்டு முத்திரை இருந்தால் ஓட்டு செல்லாது என்பது விதி.

போன தேர்தலிலும் இதே கதைதானாம். வேடிக்கை பார்க்கப் போன எனக்கே பொறுக்கவில்லை. "எப்படி மடிக்கணும்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"சொன்னா ஒரு பக்கத்துக்குச் சாதகமா ஆயிடும் சார். நான் நடுவுல நிக்கிறவன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டிரைவருக்கு அறுபத்தொன்று, அந்த அம்மாவுக்கு ஐம்பத்து நான்கு. மீதிப் பத்தொன்பதையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, குரல் ஏறாமல் இறங்காமல் "செல்லாது" என்றார்.

"அண்ணே, எது நாங்க குத்துனது, எது ஒட்டிக்கிட்டதுன்னு பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியும். ஒட்டுனது மங்கலா இருக்கு பாருங்கண்ணே" என்றார் அந்த அம்மா, வீங்கிய கால்களை மாற்றி மாற்றி ஊன்றியபடி.

"எனக்கும் தெரியுதும்மா. எனக்குத் தெரிஞ்சத வெச்சு முடிவு சொன்னா, அப்புறம் விதி எதுக்கு?"

பிறகு முடிவை ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, கீழே முத்திரை குத்தினார். தாளை முகத்தருகே தூக்கி, ஃபூ ஃபூவென்று ஊதினார். விரல் நுனியால் மையைத் தொட்டுப் பார்த்தார். இன்னொரு முறை ஊதினார். நன்றாகக் காய்ந்த பிறகுதான் மடித்தார்.