நடு நாற்காலிக்கு ஒரு ஸ்பீக்கர்

ஒலிபெருக்கித் தொழிலில், குறை சொல்ல வருகிறவரைச் சமாளித்துவிடலாம். ரசிக்க வருகிறவரிடமிருந்துதான் தப்ப முடியாது. கடையிலோ வங்கியிலோ வாடிக்கையாளர் முன்னால் நாளெல்லாம் சிரித்துவிட்டுத் தாடை வலியோடு வீடு திரும்புகிற நீங்கள், இதைச் சக தொழிலாளி ஒருவனின் புலம்பலாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆக்லாந்தின் கிழக்கே, பாட்டனி டவுன்ஸிலிருந்து கிளம்பினால் காரின் ஹீட்டர் சூடாவதற்குள் எங்கள் தொழிற்சாலை வந்துவிடும். ஸ்பீக்கர் செய்கிறோம். முன்பு பத்திரிகையில் வேலை பார்த்த நான் இப்போது அவற்றுக்கு விளக்கப் புத்தகம் எழுதுகிறேன். வருகிறவர்களை உட்காரவைத்துக் காபி கொடுப்பதும் அதே சம்பளத்தில் சேர்த்தி. ஆண்டுக்கொரு முறை, ஒரு சனி ஞாயிறில், இசைப் பிரியர்களுக்காகக் கதவைத் திறந்துவிடுவோம். ‘இசைப் பிரியர்’ என்று அழைப்பில் எழுதுவது வியாபார மரியாதை. ரத்தம் பரிசோதிக்கிறவருக்கு ரத்தம் எப்படியோ, இவர்களுக்குப் பாட்டு அப்படி.

இந்த முறை கூட்டத்துக்கு ஒரு தனிக் காரியம் இருந்தது. எங்கள் வடிவமைப்பாளர் சிவநேசன் புதிதாக ஒரு ஜோடி ஸ்பீக்கர் செய்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ரானுயியில் வீடு, ஒலியியலில் பட்டம், மூக்கு நுனியில் கோபம். முதலாளி கிரேக் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: வருகிறவர்கள் கேட்டுவிட்டு ‘எனக்கு ஒன்று’ என்றால் அந்த மாடல் உற்பத்திக்குப் போகும். இல்லையென்றால் மாடலும் இல்லை, வடிவமைப்பு அறையும் இல்லை. அறை கிடங்காகிவிடும், சிவநேசன் பழைய மாடல்களைத் தட்டிப் பார்த்து அனுப்புகிற சோதனை மேசைக்குப் போக வேண்டும். அதைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்து அவர் சொன்னது: “அண்ணை, வேறை ஆரோ பிளான் கீறின பெட்டியைத் தட்டிப் பாக்கவே நான் படிச்சனான்?”

துண்டு போட்ட இடம்

எங்கள் டெமோ அறையில் நாற்காலிகள் நிறைய உண்டு. உண்மையான நாற்காலி ஒன்றுதான். இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில், நட்ட நடுவில் அது இருக்கும். அதில் உட்கார்ந்தால் பாடகி உங்களுக்கு நேர் எதிரே நின்று பாடுவார். ஒரு முழம் நகர்ந்தால் பாவம், அவர் ஏதாவது ஒரு பெட்டிக்குள் போய் ஒடுங்கிவிடுவார். ஆகவே இந்தக் கூட்டத்தில் ஒருவர் கேட்பார்; மற்றவர்கள் அவர் கேட்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எப்சம்மில் பல் மருத்துவமனை வைத்திருக்கும் டாக்டர் ரங்கராஜன், நாங்கள் கதவைத் திறப்பதற்கு முன்பே வந்து கார் பார்க்கிங்கில் நின்றார். உள்ளே நுழைந்ததும் நடு நாற்காலியில் ஜாக்கெட்டைப் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார். ஓடும் பஸ்ஸின் ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடித்த மதுரைக்காரருக்கு இதைச் சொல்லித்தரவா வேண்டும்! ஓய்வுபெற்ற வெள்ளைக்கார விமானி ஒருவர் அந்த ஜாக்கெட்டிடமே ‘சாரி’ சொல்லிவிட்டு ஓரத்தில் போய் உட்கார்ந்தார். பாட்டுகள் மாறின, ஆட்கள் வந்து போனார்கள், டாக்டர் அசையவில்லை. நான் குனிந்து, “டாக்டர், எல்லாருக்கும் ஒரு பாட்டு நேரம்தான்” என்றேன். அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “நான் எழுந்திருச்சிடலாம் சார். ஆனா என் காது இப்பத்தான் இந்த ரூமுக்குப் பழகியிருக்கு. அதை எங்க கொண்டுபோய் வைக்கிறது?”

இருமல்

இந்தக் கூட்டத்தில் எந்தப் பாட்டும் முடிந்து நான் கேட்டதில்லை. ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து பாட்டு கொண்டுவருவார்கள். கொண்டுவருவது பாட்டை அல்ல, பாட்டிலுள்ள ஓர் இடத்தை. கோப்பை உரசுகிற இடம், பாடகி மூச்சு வாங்குகிற இடம், மேடைப் பலகை கிறீச்சிடுகிற இடம். அது வந்ததும் தலையாட்டிவிட்டு நிறுத்திவிடுவார்கள்.

மலேசியாவிலிருந்து வந்து குடியேறிய குணா ஒரு கோயில் கச்சேரிப் பதிவு வைத்திருந்தார். நாதஸ்வரம் அப்போதுதான் ஆலாபனையில் இறங்கிற்று. எனக்கு முதுகு நிமிர்ந்தது. அடுத்த கணம் கூட்டத்தில் யாரோ இருமினார். குணா படக்கென்று நிறுத்தி, பின்னால் தள்ளி, அந்த இருமலை மறுபடி போட்டார். பிறகு மறுபடி. இருமியவர் எந்த வரிசையில் இருந்திருப்பார், சிகரெட் பிடிப்பவரா, தூண் அவருக்கு இடப்பக்கமா வலப்பக்கமா என்று ஒரு விவாதம் நடந்தது. விமானி தூண் இடப்பக்கம் என்றார். எனக்குத் தாங்கவில்லை. “குணா, அந்த நாதஸ்வரத்தைக் கொஞ்சம் விடுங்களேன், கேட்போம்” என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “நாயனம் எங்க வேணும்னாலும் கேக்கலாம் லா. இந்த மாரி ஒரு இருமல் எங்கயும் கெடைக்காது.”

கதவோரம்

சிவநேசனின் ஸ்பீக்கர் பிறந்த கதை அவர் வீட்டு ஹாலில் தொடங்குகிறது. அவர் நடுவில் உட்கார்ந்து கேட்க, மனைவி வசந்தியும் பிள்ளைகளும் சுவரோரச் சோபாவில் இருப்பார்களாம். ஒருநாள் வசந்தி, “நீங்கள் கேக்கிற பாட்டின்ரை மிச்சத்தைத்தானே நாங்கள் கேக்கிறம்” என்று சொல்லிவிட்டார். அது இவருக்குத் தைத்துவிட்டது. அறையின் எந்த மூலையில் உட்கார்ந்தாலும் ஒரே மாதிரி கேட்கும்படி ஒரு ஸ்பீக்கரைச் செய்து முடித்தார். சொல்வது சுலபம், அதைச் செய்ய அவர் பட்ட பாட்டை நான் பக்கத்து அறையிலிருந்து கேட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைப் போட்டுக் காட்டினார். நாற்காலிகளை இஷ்டத்துக்குக் கலைத்துப் போடச் சொன்னார். பாட்டு தொடங்கியது. ஓரத்திலிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கதவோரம் கணவரின் குடையை மடியில் வைத்துக்கொண்டு போன் திரையைத் தள்ளிக்கொண்டிருந்த கமலா, ரங்கராஜனின் மனைவி, போனைக் கவிழ்த்து வைத்தார். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அந்த அறையில் முதன்முறையாக ஒரு பாட்டு முடிந்தது.

சிவநேசன் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். எனக்கும் நம்பிக்கை வந்தது. ஆனால் விலை கேட்டு ஒருவரும் வரவில்லை. “நல்லா இருக்கு, நல்லா இருக்கு” என்று சொல்லிக்கொண்டே கேக் மேசைக்கு நகர்ந்தார்கள். டாக்டர் மட்டும் நடுவிலிருந்து ஓரத்துக்கும், ஓரத்திலிருந்து மூலைக்கும், திரும்ப நடுவுக்கும் போனார். சாவியைத் தொலைத்தவர் முகம். கடைசியில் என் தோளைத் தொட்டார்: “சார், நடுவுல உட்கார்ந்தாலும் அப்படியேதான் கேக்குது, கதவுகிட்ட உட்கார்ந்தாலும் அப்படியேதான் கேக்குது. அப்புறம் நான் எதுக்கு விடியறதுக்கு முன்னால எழுந்து வந்தேன்?”

தேநீர் ஆறுமுன்

கூட்டம் கலைந்ததும் கிரேக் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கெட்ட மனிதர் அல்ல. மற்ற முதலாளிகள் கத்திச் சொல்வதை இவர் தோளில் தட்டிச் சொல்வார், அவ்வளவுதான். “எல்லாருக்கும் பிடித்திருக்கிறது, யாருக்கும் வேண்டாம். நாளை மதியம் இன்னொரு தடவை போட்டுக் காட்டு. அப்போதும் ஒருவர்கூடக் கேட்கவில்லை என்றால், திங்கட்கிழமை அறையைக் காலி செய்துவிடலாம்” என்றார்.

சிவநேசன் தன் அறைக்கு வந்து ஒலியை அளந்த கோடுகளையெல்லாம் திரையில் போட்டுப் பார்த்தார். “ஒரு பிழையும் இல்லை. அவைக்கு என்னதான் குறை?” என்றார். டாக்டர் சொன்னதை நான் அப்படியே சொன்னேன். “அவங்க வர்றது பாட்டுக்காக இல்ல சிவா, இடத்துக்காக. நீங்க அறை முழுக்க முதல் வகுப்பாக்கிட்டீங்க. இனி முதல் வகுப்புக்கு யார் டிக்கெட் வாங்குவாங்க?”

அவர் எழுந்து கத்தத் தொடங்கினார். அந்த நாற்காலியை ஒழிக்கத்தானே இந்தப் பாடுபட்டேன் என்றார். நீங்கள் நியூஸ் பேப்பரிலை வேலை செய்தவர், உங்களுக்கு இது விளங்காது என்றார். பிறகு உட்கார்ந்தார். பிறகு அலமாரியிலிருந்து தடித்த கம்பளித் துணி ஒன்றை எடுத்து, வளையமாக இரண்டு துண்டு வெட்டினார். ஸ்பீக்கரின் மேல்புறம் இருக்கும் சின்னக் குமிழிலிருந்துதான் சலங்கையும் தாளச் சத்தமும் வரும். அதைச் சுற்றி அந்த வளையங்களைப் பதித்தார். பசை போடவில்லை; உரித்தெடுக்க வரும் நாடாவால் ஒட்டினார். நான் ஓரத்தில் நின்று கேட்டேன். போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருந்தது. நடுவில் போய் நின்றேன். பளிச்சென்றிருந்தது. எப்படி என்றேன். நேரே வருவதை விட்டுவிட்டு, பக்கவாட்டில் பரவுவதை மட்டும் கம்பளி குடித்துவிடுமாம். அவர் கோப்பையை எடுத்துக்கொண்டார்: “கட்டுறதுக்குத்தான் காலம் வேணும் அண்ணை. கெடுக்கிறது லேசு, தேத்தண்ணி ஆற முதல் முடிஞ்சுது.”

ஞாயிற்றுக்கிழமை வரிசை

மறுநாள் மதியம் அதே ஸ்பீக்கரை, ‘சிறு மாற்றங்களுடன்’ என்று சொல்லி வைத்தோம். முதலில் உட்கார்ந்த விமானி எழுந்திருக்க மறுத்தார். ஜாக்கெட்டிடம் சாரி சொன்ன அதே மனிதர். பின்னால் வரிசை நின்றது. வரிசையில் இருவருக்குள் யார் முன்னால் வந்தது என்று வாய்த் தகராறு. குணா, இதற்குத் தோதாக என்ன கேபிள் போடலாம் என்று குறுக்கே விழுந்து கேட்டார். கிரேக் சுவரில் சாய்ந்தபடி இத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தார். தொழிலில் வரிசையைவிட இனிய இசை அவருக்கு வேறில்லை. சிவநேசன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

டாக்டரின் முறை வந்தது. உட்கார்ந்தார், கண்ணை மூடினார். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து, பக்கத்தில் காதைச் சாய்த்துக்கொண்டு தவிக்கிற குணாவைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. எழுந்து வந்து தனக்கொரு ஜோடி எழுதிக்கொள்ளச் சொன்னார். அவர் முதல் ஆள், கடைசி ஆள் அல்ல. சிவநேசனின் கையைப் பிடித்துக் குலுக்கி, அவர் சொன்ன பாராட்டு இது: “இப்பத்தான் சார் இது ஸ்பீக்கர். பக்கத்துல இருக்கறவனுக்கு ஒண்ணுமே கேக்கல பாருங்க!”

பெயர் சூட்டல்

மாடல் உற்பத்திக்குப் போயிற்று. அறை தப்பியது. சிவநேசன் கம்பளி விஷயத்தில் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: நாடாதான், பசை கிடையாது. கிரேக் சம்மதித்தார். ஆனால் அது உரியும் என்று விளக்கப் புத்தகத்தில் ஒரு வரிகூட வரக்கூடாது என்றார். வெறும் கம்பளி என்று எழுதுவதும் அழகில்லை என்றார். நான் யோசித்து ‘ஒலிக்குவிப்பு வளையம்’ என்று அர்த்தப்பட ஓர் ஆங்கிலப் பெயர் வைத்தேன். கிரேக் அதை வாய்விட்டு நாலு தரம் சொல்லிப் பார்த்தார். “அருமை. இந்தப் பெயருக்கே விலையைக் கூட்டலாம்.”

எப்சம்மிலிருந்து ஒரு போன்

ஸ்பீக்கர்கள் வீடுகளுக்குப் போய்ச் சில மாதங்கள் ஆனபின் ஒரு வேலைநாள் காலையில் கமலா போன் செய்தார். வாடிக்கையாளரின் மனைவி போன் செய்தால் பெரும்பாலும் பெட்டி திரும்பி வரும் என்று அர்த்தம். சமாதானங்களை மனதுக்குள் அடுக்கிக்கொண்டு, “சொல்லுங்கம்மா” என்றேன். அவர் குரலைத் தாழ்த்தினார். “வெக்யூம் போடும்போது ஒரு வளையம் பிஞ்சு வந்துடுச்சு சார். பயந்துட்டேன். திருப்பி ஒட்டலாம்னு பார்த்தா, அந்தப் பக்கத்துப் பாட்டு சமையல்கட்டு வரைக்கும் கணீர்னு வருது. இன்னொண்ணையும் நானே பிச்சிட்டேன். இப்ப சமைச்சுக்கிட்டே முழுப் பாட்டும் கேக்கறேன். அவர் சாயங்காலம் வந்து அதே நடுவுல, அதே மாதிரி கண்ண மூடிக்கிட்டு உட்கார்றார். தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க.”

நான் போனை வைத்துவிட்டு நேரே சிவநேசனின் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் அடுத்த மாடலுக்காகக் கம்பளி வெட்டிக்கொண்டிருந்தார். “ரெண்டையும் கழட்டிப்போட்டாவோ?” என்றார். “ரெண்டையும்” என்றேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். அந்த மாடலுக்குக் கிரேக் விருந்து வைத்த அன்றுகூட அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. “அப்ப அண்ணை, என்ரை ஸ்பீக்கரும் ஒரு சோடி வித்திருக்கு.”

ஒரு சத்தம் வீட்டில் எல்லார் காதுக்கும் போய்ச் சேர வேண்டுமானால், அதை முதலில் ஒருவருக்கு மட்டும் என்று சொல்லித்தான் விற்றாக வேண்டும் என்பதே, நாளெல்லாம் சிரித்துத் தாடை வலிக்க நான் கற்றுக்கொண்ட வியாபாரம்.