டக் என்று தட்டாத ரெஞ்ச்

டாக்ஸி ஸ்டாண்டில் என் அக்காவைப் பற்றி ஒரு பேச்சு உண்டு: வண்டி டீசல், ஓட்டுறவ பெட்ரோல். பட்டென்று பற்றிக்கொள்வாள். பற்ற வைத்தவர்கள் யார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

துணி ஆலைப் பெண்களை வேலைக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவரும் ஓட்டம் அவளுடையது. ஒருநாள் நடுரோட்டில் என்ஜின் சூடேறி நின்றுவிட்டது. ஆலையில், திங்கட்கிழமைக்குள் வண்டி வராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்றார்கள். பட்டறைக்காரரோ என்ஜினை எட்டிக்கூடப் பார்க்காமல் ஒரு தொகை சொன்னார். அந்தக் காசுக்கு இன்னொரு பழைய வண்டியே வாங்கலாம். இத்தனை வருஷத்தில் வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தவள் இல்லை அக்கா. மெக்கானிக்கின் தோளுக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்தவள். "நானே பிரிக்கிறேன்" என்று என்ஜினை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

வீடு என்றால் ஓர் அறை, ஒரு சமையற்கட்டு. கட்டிலைச் சுவரோடு சாய்த்து நிறுத்தினோம். என்ஜின் சாப்பாட்டு மேஜையில் ஏறியது. நாங்கள் தரையில் சாப்பிட்டோம். கழற்றிய போல்ட்டுகளை வரிசை மாறாமல் முட்டை அட்டையில் குத்தி வைத்தாள். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. வண்டியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து அளவுகளைப் படித்துச் சொல்வது என் வேலை.

கருவிகள்தான் பெரும்பாடு. நல்லதைத் தொட்டால் விலை சுட்டது. விலை குறைந்ததைத் தொட்டால் கையிலேயே வளைந்தது. ஸ்பேனர்களைப் பழைய இரும்புக் கடையில் கிளறி எடுத்தாள். ஆனால் டார்க் ரெஞ்ச் அங்கே கிடைக்கவில்லை. போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அளந்து சொல்லும் நீளக் கம்பி அது. வேண்டிய அளவை அதில் வைத்து இறுக்கினால், அளவு வந்ததும் 'டக்' என்று தட்டும். கடைவீதியில் பெரிய கருவிக் கடை முதலாளி சிவப்புப் பெட்டியில் பளபளவென்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கம்பெனி சரக்குக்குக் கொஞ்சமும் குறையாது, விலைதான் பாதி என்றார்.

வெள்ளிக்கிழமை என்ஜினின் மேல்மூடியை வைத்து இறுக்கினாள். நான்காவது போல்ட்டில் கை கனத்தது. ரெஞ்ச் தட்டவில்லை. ஒரு கணம் நின்று என்னைப் பார்த்தாள். "கருவி சொல்லலையே" என்று இன்னும் கொஞ்சம் இழுத்தாள். போல்ட் முறிந்து பாதி உள்ளேயே நின்றுவிட்டது.

அத்தான் நல்ல மனுஷன். ஆனால் வாய் நேரம் பார்க்காது. "நான் அப்பவே சொன்னேன், பட்டறையில விட்டிருக்கலாம்னு" என்றார். அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மூடியைத் தூக்கி, வெல்டரைக் கூப்பிட்டு, முறிந்த துண்டின் தலையில் ஒரு நட்டைப் பற்றவைத்துத் திருகி எடுப்பதற்குள் சனிக்கிழமை மதியமாகிவிட்டது. அக்கா கையைக்கூடக் கழுவாமல் சிவப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். நானும் போனேன்.

கடையில் நல்ல கூட்டம். நடந்ததை முதலாளி பாதிதான் கேட்டார். "பொம்பளைங்க இறுக்கினா இப்படித்தான்மா. கைப்பழக்கம் வேணும்."

அக்கா பெட்டியைத் திறந்து ரெஞ்சை எடுத்தாள். மேஜை ஓரத்தில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் இருந்தது. அதில் ரெஞ்சின் தலையைப் பூட்டி, கைப்பிடி பக்கவாட்டில் படுத்திருக்கும்படி வைத்தாள். ஐந்து என்ற அளவில் நிறுத்தினாள். கடையில் விற்கிற பத்துக் கிலோ ஆணி மூட்டையைத் தூக்கி, தலையிலிருந்து அரை மீட்டர் தள்ளிக் கைப்பிடியில் தொங்கவிட்டாள். பத்துக் கிலோவை அரை மீட்டரால் பெருக்கினால் ஐந்து; கணக்குப்படி அந்த இடத்தில் தட்ட வேண்டும். தட்டவில்லை. இன்னொரு ஐந்து கிலோ சேர்த்தாள். ஊஹூம். கூட்டம் நெருங்கி வந்தது. இரண்டாவது பத்துக் கிலோ மூட்டையும் ஏறிய பிறகுதான் சோம்பேறித்தனமாக ஒரு 'டக்'.

"புதுசு இல்லையா, போகப் போகச் சரியாயிடும்" என்றார் முதலாளி.

"என்ஜினும் போகப் போகச் சரியாயிடுமா?"

யாரோ சிரித்தார்கள். முதலாளியின் முகம் இறுகியது. வேண்டுமானால் கண்ணாடிக்குள் இருக்கும் விலை உயர்ந்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அது எங்கள் பட்ஜெட்டுக்குள் கனவிலும் வராது.

கடை மூலையில் கிடந்த கழிவுத் தொட்டியின் மேல் அக்காவின் கண் போனது. அதற்குள் முள் வைத்த பழைய மாதிரி ரெஞ்ச் ஒன்று துருவோடு கிடந்தது. தட்டாது, கிட்டாது. கம்பி வளைய வளைய, ஒரு முள் எண்ணைக் காட்டும். அவ்வளவுதான். அதையும் வைஸில் பூட்டிப் பத்துக் கிலோ தொங்கவிட்டாள். முள் ஐந்தில் போய் நின்றது. இறக்கினாள், பூஜ்யத்துக்கு வந்தது. மறுபடி ஏற்றினாள், மறுபடி ஐந்து.

"அது பழைய மாடல்மா, யாரும் கேக்கறதில்ல."

"நீங்க காட்டினாத்தானே கேப்பாங்க. அளவு சரியா இருக்கறது தொட்டியில, பொய் சொல்றது பெட்டியில."

மாற்றிக் கொடுப்பதைத் தவிர அவருக்கு வழி இல்லை. சுற்றி இத்தனை பேர் நின்றார்கள். கூடவே புது போல்ட், மூடிக்கு அடியில் வைக்கும் புது கேஸ்கெட் இரண்டையும் கேட்டு வாங்கினாள். முனகிக்கொண்டே கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை முள்ளைக் குனிந்து பார்த்துப் பார்த்து எல்லாப் போல்ட்டையும் இறுக்கினாள். நான் எண்ணைச் சொன்னேன். அவள் அந்த எண்ணில் நிறுத்தினாள். வண்டியில் ஏற்றி மாட்டிச் சாவியைத் திருப்பியபோது இருமி, புகைவிட்டு, பிறகு சீராக ஓடியது. அத்தான் கைதட்டினார். சந்தோஷம்தானே என்று கேட்டார்.

"சந்தோஷமா? அந்தச் சிவப்புப் பெட்டி நாளைக்கு இன்னொருத்தன் வீட்டுக்குப் போகும்."

திங்கட்கிழமை காலை ஆலை வாசலில் பெண்களை இறக்கிவிட்டாள். ஓட்டம் அவளிடமே நிலைத்தது. திரும்பும் வழியில் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. கருவிக் கடை முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு, உள்ளே போய் வைஸுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். சிவப்புப் பெட்டியோடு பணம் கட்டப் போன ஒரு பெரியவரை மறித்து, ஆணி மூட்டையை அவர் கையில் கொடுத்தாள்.

"தொங்கவிட்டுப் பாத்துட்டு வாங்குங்க, ஐயா."