உறை கழன்ற கதிர்

உப்புத் தண்ணீரில் வளரும் காட்டு நெல்லின் குரோமோசோமை நம் நெல்லுக்குள் கொண்டுவர நெடுங்காட்டில் ஆராய்ச்சி செய்தவர் அந்த ஒல்லியான மேடம். பூவைத் தொடும்முன் வளையலைக் கழற்றிச் சாப்பாட்டு டப்பாவில் போட்டுவிடுவார். அவர் மகரந்தம் தூவிய கதிர்களுக்குக் காகித உறை மாட்டுவது என் வேலை.

ஒருநாள் காற்றில் ஓர் உறை கழன்று கிடந்தது. வேறு மகரந்தம் விழுந்திருக்குமோ? யாரும் பார்க்கவில்லை, மறுபடி மாட்டிவிடலாம். ஆனாலும் பயமாக இருந்தது; உறையோடு மேடத்திடம் போய்ச் சொன்னேன்.

கதிரை நறுக்கி எறிந்தார். "சொன்னீங்க, ஒரு கதிரோட போச்சு. மறைச்சிருந்தா நாலு வருஷம் தப்பான செடியத்தான் வளர்த்திருப்போம்."

"எனக்கு எதுக்கெடுத்தாலும் பயங்க மேடம். அஞ்சாவதோட நின்னவ..."

"அந்தப் பயம்தாங்க இங்க வேணும். நாளைக்கும் நீங்களே மாட்டுங்க."

பயப்படாதே என்றுதான் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். என் பயத்துக்கு வேலை கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.