தேங்காய் மூடி

நாத்தனார் கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம், நெமிலிச்சேரி வீட்டுச் சமையலறையில் நான் பார்த்த தேங்காய் மூடி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. கல்யாணப் பெண்ணான அவளே, மருதாணி சிவந்த விரல்களில் அதைப் பிடித்துக்கொண்டு பல்லால் சுரண்டிச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

தேங்காய் தின்றால் கல்யாணத்தில் மழை வரும் என்பார்கள். அந்த வீட்டுக்கு நான் மருமகளாக வந்து அப்போது ஆறு மாதம். துருவ உட்கார்ந்தால் கால்வாசி என் வாய்க்குத்தான் போகும். "இன்னாமே, சட்னிக்கு எதுனா மிச்சம் வைப்பியா? கல்யாணத்துல மழ ஊத்தப் போவுது பாரு" என்பார் மாமியார். "எனக்குத்தான் ஆயிடுச்சே அத்தே" என்றால், "அப்ப இந்த ஊட்ல அடுத்தது எவளோ, அவளுக்கு ஊத்தும்" என்பார். அந்த அடுத்தவள் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள். ஒரு துண்டு நீட்டினால்கூட வேண்டாம் என்று தலையாட்டுவாள். அப்படிப்பட்டவள் அன்றைக்கு மட்டும் ஏன் தின்றாள்? மழை வந்து கல்யாணம் நிற்கட்டும் என்றா?

மறுநாள் விடியும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசியில் மழை வராமல் என்ன என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம், அன்று தோன்றவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வேலப்பன்சாவடியிலிருந்து வர வேண்டும். வழியெல்லாம் தண்ணீர், வேன் நின்றுவிட்டதாம். முகூர்த்தம் ஒன்பதோடு முடிகிறது. எட்டே முக்கால் வரை ஒருவரையும் காணோம். மணமேடை முன்னால், அத்தனை பேர் நடுவில் மாமியார் என்னைப் பார்த்து, "துன்னுத் துன்னு எம் பொண்ணு கல்யாணத்தையே கரைச்சிட்டியேமே" என்றார். கூட்டம் சிரித்தது. நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாத்தனாரைப் பார்த்தேன். மாலையிலிருந்து ஒவ்வொரு பூவாகப் பிய்த்துக்கொண்டு வாசலையே பார்த்திருந்தாள். அவர் வர வேண்டும் என்று பார்த்தாளா, வரவே கூடாது என்று பார்த்தாளா? அது தெரியாமல் எதைச் சொல்வது? "ஆமா அத்தே, நான்தான்" என்றேன்.

ஐந்து நிமிடம் மிச்சமிருக்கையில் மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தே வந்து சேர்ந்தார். தாலி ஏறும்போது குனிந்திருந்த அவள் தோள் குலுங்கியது. அழுகையா, சிரிப்பா? பின்னால் நின்ற எனக்குத் தெரியவில்லை.

நன்றாகத்தான் வாழ்கிறாள். இரண்டு பிள்ளைகள். செருப்பைத் தூக்கிக்கொண்டு வந்த கதையைச் சொல்லி இன்றும் அவரை ஓட்டுவாள். அதைக் கேட்கக் கேட்க எனக்குக் குழப்பம் கூடியதே தவிர, தீரவில்லை. அன்று ஏன் தின்றாய் என்று ஒருமுறை கேட்டேன். "பசிச்சுது அண்ணி" என்றாள். பசித்தவளுக்கு வீடு நிறையப் பலகாரம் இருந்ததே. மழைக் கணக்கும் எனக்குப் பிடிபடவில்லை. பிறந்ததிலிருந்து தேங்காய் தின்ற என் கல்யாணத்தன்று மண்டையைப் பிளக்கும் கத்திரி வெயில்.

நாளை என் மகளுக்குக் கல்யாணம். இன்று காலை எங்கள் மண்ணூர்பேட்டை வீட்டில் நாத்தனார்தான் தேங்காய் துருவினாள். உடைத்து வைத்திருந்த மூடி ஒன்றை மகள் எடுத்துக் கடிக்கப் போனாள். மழை வரும்டி என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் நாத்தனார் கேட்டாள்.

"மாப்ளய புடிச்சிருக்கா பாப்பா?"

"இன்னா அத்தே, நாளிக்கு கல்யாணத்த வச்சிகினு இப்ப கேக்குற? புடிக்காமயா நாலு வருசம் சுத்துனேன்?"

"அப்ப குடு இப்டி" என்று மூடியைப் பிடுங்கிக்கொண்டாள்.

மகள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். பிடுங்கியதை என்ன செய்வது என்று தெரியாதவள்போல நாத்தனார் என்னைப் பார்த்தாள்; பிறகு என்னிடமே நீட்டினாள். வெளியே சுள்ளென்று வெயில். தின்பதா, வைப்பதா என்று புரியாமல் நானும் அந்த மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.